சிவப்பு சுவிட்சுக்கு நாலு எட்டு

செல்வலட்சுமிக்கு வயது நாற்பத்திரண்டு. இத்தனை வருடத்தில் ஓர் அதிகாரிக்கு எதிரே அவள் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. அதனால் இன்டர்வியூவுக்கான தயாரிப்பு உட்காருவதிலிருந்து ஆரம்பமானது.

தயாரிப்பு நடந்தது அடுத்த வீட்டில். பீர்மேட்டிலிருந்து ஜீப் மட்டும் போகிற ஒரு மண் ரோட்டில், கம்பெனி கைவிட்டுப் போன தேயிலை எஸ்டேட் ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாம் லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் செல்வலட்சுமி, அந்தப் பக்கம் இன்பமேரி. இன்பமேரி ஐந்து வயது மூத்தவள். பத்தாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளியில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவள். பிள்ளைகள் அவள் கண்ணுக்குப் பயப்படுவார்கள்; அவர்களுடைய அம்மாக்கள் அவள் வாய்க்குப் பயப்படுவார்கள்.

"வெளிய போயி மறுபடியும் வா," என்றாள் இன்பமேரி. அவள்தான் அதிகாரி. தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். செல்வலட்சுமி தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த நாற்காலி எதிரே காலியாகக் கிடந்தது.

செல்வலட்சுமி வெளியே போய், திரும்பி வந்து, கதவு நிலையை ஒட்டி நின்றாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "செல்வலட்சுமி, நம்பர் நூத்திப் பதினேழு," என்றாள்.

"இப்ப நீ எங்கட்டி நிக்குத?"

"வாசல்லதாங்க்கா."

"வாசல்ல இல்ல. எஸ்டேட் ஆபீஸ் ஜன்னல்ல நிக்குத. இன்டர்வியூவுல உன் நம்பர எவனும் கேக்க மாட்டான்."

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆபீசுக்கு வாசல் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மேனேஜர் துரைக்கும் கிளார்க்குகளுக்கும். தொழிலாளிக்கு ஜன்னல். மழை கொட்டினாலும், பனி மூடிக் கை விறைத்தாலும் வெளியே நின்று கம்பிக்குள்ளே பேச வேண்டும். லீவு கேட்பது, ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு வாங்குவது, வீட்டில் சாவு விழுந்தால் சொல்வது எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான். பெயர், நம்பர், விஷயம் ஆகிய மூன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நான்காவதாக ஒரு வார்த்தை சொன்னால் உள்ளேயிருந்து அதட்டல் வரும். வெள்ளைக்காரன் வைத்த ஜன்னல் என்பார்கள். அவன் போய்ச் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அவன் கட்டிய பங்களாவில் இப்போது டூரிஸ்டுகள் தங்குகிறார்கள். ஜன்னலை மாற்ற வேண்டும் என்று மட்டும் பிறகு வந்த எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லை. கம்பெனிகளுக்குத் தங்களுக்கு வசதியான இடத்தில் மறதி அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுவதும் உள்ளே வருவதிலும் உட்காருவதிலும் போனது. செல்வலட்சுமி உட்கார்ந்தால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள், யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல. "முதுகு சாயட்டும். சாஞ்சா நாற்காலி ஒண்ணும் சொல்லாது," என்றாள் இன்பமேரி. திங்கட்கிழமை, முகத்தைப் பார்த்துப் பேசுவது. செவ்வாய்க்கிழமை, சிரிப்பு.

"சிரி பாப்போம்."

"எதுக்குக்கா?"

"சும்மாதான். பார்க்குக்கு வாரவங்களப் பாத்துச் சிரிக்கணும். நோட்டீசுலயே போட்டிருக்கான், சிரிச்ச முகம் வேணும்னு."

"சும்மா எப்படிக்கா சிரிக்க?"

அதற்கு இன்பமேரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து இவளும் சிரித்தாள். "அதேதான், அப்படியே வச்சுக்க," என்று இன்பமேரி சொல்லும்போதே அது போய்விட்டது.

பார்க்கு என்று அவர்கள் சொன்னது, குட்டிக்கானத்தைத் தாண்டி ஒரு மலைச்சரிவில் புதிதாக வந்திருக்கும் விளையாட்டுப் பூங்காவை. ஆகாயத்தில் சுற்றும் நாற்காலிகள், தலைகீழாகப் புரட்டும் கப்பல், குழந்தைகளுக்கான ரயில் எல்லாம் அங்கே உண்டு. சனி ஞாயிறானால் எர்ணாகுளத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். ரைடுகளில் ஆளை உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிடப் பெண்கள் தேவை, நாற்பத்தைந்து வயதுவரை, உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்று ஜங்ஷனில் போர்டு வைத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்து சொன்னதும் இன்பமேரிதான், ஃபாரம் வாங்கி நிரப்பியதும் இன்பமேரிதான்.

இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டிய நிலையில் செல்வலட்சுமி இருந்தாள். பத்தொன்பது வயதில் எஸ்டேட் ஃபேக்டரிக்குள் நுழைந்தவள். ஆறு வருடம் முன்பு ஒரு நாள் காலையில் சங்கு ஊதவில்லை. என்ன ஏது என்று போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. அதற்குப் பிறகு ஏலக்காட்டுக் கூலி. விடிவதற்குள் ஜீப் வரும். ஒரு ஜீப்பில் பதினைந்து பெண்கள். போன வருட மழையில் அந்த ஜீப் ஒரு வளைவில் சரிந்தது. யாரும் சாகவில்லை என்று எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள். செல்வலட்சுமிக்கு மட்டும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏலக்காய் பறிக்கச் செடியின் தூருக்குக் குனிய வேண்டும், நாள் முழுக்க. அவளால் இப்போது நிற்க முடியும், நடக்க முடியும், குனிய முடியாது. புருஷன் சுருளிவேல் கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக் காவலுக்குப் போய்விட்டான். மாதத்தில் இரண்டு தடவை வருவான். மகள் ஆனந்தி தேனியில் நர்சிங் படிக்கிறாள். நின்றபடி செய்கிற வேலையாகவும், மாதா மாதம் பெயர் பதிகிற வேலையாகவும் அந்த மலையில் வேறு எதுவும் இல்லை. செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பெயர் இல்லாதவளை எஸ்டேட் ஜனங்கள் சும்மா இருக்கிறவள் என்றுதான் சொல்வார்கள், அவள் எத்தனை சுமை சுமந்தாலும். ஆறு வருடமாக அவள் சும்மா இருக்கிறவள்.

ஃபாரத்தை இன்பமேரி இடது கையால்தான் எழுதினாள். வலது கையில் அவளுக்குக் கட்டைவிரல் மட்டும்தான் இருக்கிறது.

பதினோரு வருடம் ஆகிறது. அது கொழுந்து குவிகிற சீசன். ஃபேக்டரி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. இலை பெல்ட்டில் நகர்ந்து வந்து பல்லுப் பல்லான இரும்பு உருளைகளுக்கு நடுவே விழும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று குச்சி, கல், சாக்குக் கயிறு இருந்தால் எடுத்துப் போடுவது பெண்களின் வேலை. அன்று பகல் ஷிப்டில் உருளையை ஒட்டி இன்பமேரி நின்றாள், அவளுக்கு அடுத்தாற்போல் செல்வலட்சுமி. ஒரு கயிறு உருளையை நோக்கிப் போனது. இன்பமேரி அதை எட்டிப் பிடித்தாள். கயிறு கையில் சுற்றிக்கொண்டு, கையையும் கூட்டிக்கொண்டு போனது.

செல்வலட்சுமியின் வலப்பக்கத் தூணில் சிவப்பு சுவிட்ச் இருந்தது. உள்ளங்கை அகலம். நாலு எட்டு வைத்தால் போதும். அதன் மேலே ஒரு தகரப் போர்டு: அனுமதியில்லாமல் தொடக்கூடாது. போர்டு மட்டும் என்றால் பரவாயில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஓர் ஆள், பெல்ட்டில் கம்பி போகிறது என்று பதறி அதை அமுக்கிவிட்டான். மெஷினை நிறுத்தியதில் ஒரு வண்டி இலை கெட்டுப்போயிற்று என்று அவனை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றைய ஷிப்ட் முழுவதையும் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்துத் துரை பேசினார். எது நடந்தாலும் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் சொல்ல வேண்டும், அவர் நிறுத்துவார், நீங்கள் யார் நிறுத்துவதற்கு என்று கேட்டார். அந்த வரிசையில் செல்வலட்சுமியும் தலை குனிந்து நின்றாள்.

ஆகவே அவள் ஓடினாள். சுவிட்சை நோக்கி அல்ல; அந்தக் கோடியில் இருந்த டீமேக்கரின் கண்ணாடி அறையை நோக்கி. முப்பது முப்பத்தைந்து எட்டு இருக்கும். "சார், கை, கை," என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. டீமேக்கர் ஓடிவந்து அமுக்கினார். அதற்குள் நாலு விரலும் போயிருந்தன.

விசாரணையும் ஜன்னலில்தான் நடந்தது. நீ எங்கே இருந்தாய் என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். "டீமேக்கர் ரூம் வாசல்ல," என்றாள். பொய் சொல்லவில்லை, ஓடி ஓடி அங்கேதான் போய் நின்றிருந்தாள். அதற்கு முன்னால் எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நான்காவது வார்த்தையாக அவளும் எதையும் சொல்லவில்லை. சுவிட்சின் அருகே ஆள் யாரும் இல்லை, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். செல்வலட்சுமி கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு இந்தப் பதினோரு வருடமும் அவள் இன்பமேரிக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றியிருக்கிறாள், விறகு கொண்டுவந்து போட்டிருக்கிறாள், தலை பின்னிவிட்டிருக்கிறாள். இன்பமேரியின் மகன் ஜின்சன் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போனபிறகு, இங்கே குழம்பு கொதித்தால் அங்கே ஒரு கிண்ணம் போகாத நாளில்லை. ஆனால் கொடுப்பதை எல்லாம் இன்பமேரியின் இடது கையில்தான் கொடுத்தாள். அந்த வலது கையை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. மேரியக்கா அன்றைக்குத் தன்னைப் பார்த்தாளா, வலியில் ஒன்றும் தெரியாமல் போயிற்றா என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை. தெரிந்திருந்தால் இப்படிப் பக்கத்தில் சேர்ப்பாளா என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள். அந்தச் சமாதானம் ஒரு வாரம்கூடத் தாங்காது. மறுபடியும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம், கடைசி நாள். மறுநாள் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. இன்பமேரி ஒரு பழைய நோட்டில் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். எங்கே வேலை செய்தாய், எத்தனை வருடம், என்னென்ன பாஷை பேசுவாய், கூட்டமாக வந்தால் எப்படிச் சமாளிப்பாய். செல்வலட்சுமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மலையாளத்தில் தட்டாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். இன்பமேரிக்குத் திருப்தி. ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"ரைடு ஓடிட்டிருக்கு," என்றாள் பிறகு, தமிழில். "ஒரு பிள்ளைக்கு பெல்ட்டு கழண்டு தொங்குது. நீ பக்கத்துல நிக்க. என்ன செய்வ?"

செல்வலட்சுமி யோசிக்கவேயில்லை. "ஓடிப்போயி சாரைக் கூப்பிடுவேன்."

"சுவிட்சு உன் பக்கத்துலயே இருக்கு."

"அத நாம தொடக்கூடாதுல்லக்கா. சார்தான் நிறுத்தணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. முகம் வெந்துபோயிற்று. எதிரே பார்க்க வேண்டும் என்று மூன்று நாளாகப் படித்த கண்கள் தரைக்குப் போய்விட்டன.

இன்பமேரி நோட்டை மூடி மடியில் வைத்தாள். "இந்தக் கேள்விய ஞாயித்துக்கிழமையே எழுதிட்டேன். கேக்கத்தான் இன்னைக்கு வரைக்கும் ஆயிருச்சு." குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கு உன் முதுகப் பாத்தேன் லெச்சுமி."

செல்வலட்சுமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"கையப் பிடுங்கப் பாத்துக்கிட்டே உன்னத்தான் பாத்தேன். நீ சுவிட்சப் பாத்த. பெறகு என்னையப் பாத்த. பெறகு திரும்பி ஓடுன. உன் முதுகு தூரமாப் போகுது, போயிட்டே இருக்கு."

"அக்கா..."

"ஒண்ணும் சொல்லாத. போர்ட நானும்தான் படிச்சிருக்கேன். முத்தத்துல நானும்தான் வரிசையா நின்னேன். உன் எடத்துல நான் நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பேன்? ஓடியிருப்பேனோ என்னவோ. அத யோசிச்சு யோசிச்சேதான் பதினோரு வருசம் போச்சு." அவள் எழுந்தாள். "நாளைக்கு அவங்க கேட்டா, ஓடுவேன்னு மட்டும் சொல்லாத. போ, போயி சீக்கிரமாப் படு."

செல்வலட்சுமி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வீட்டுக்கு ஆறு எட்டுதான். அன்றைக்கு அது நெடுந்தூரமாக இருந்தது. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம், காலைப் பிடித்திருக்கலாம். இன்பமேரி அதற்கும் இடம் கொடுக்கவில்லை. தெரிந்துகொண்டே பதினோரு வருடம் தன் கையால் குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை, ஆனந்தி வாங்கிக் கொடுத்திருந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் புறப்படும்போது இன்பமேரி வாசலில் நின்றாள். சேலைக் கொசுவத்தை இடது கையால் நீவிவிட்டாள். "சாஞ்சு உக்காரு," என்றாள்.

பார்க்கின் ஆபீசில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எங்கே நிற்பது என்று ஒரு கணம் செல்வலட்சுமிக்குப் புரியவில்லை. உள்ளே போய், "உட்காரட்டா சாரே?" என்று கேட்டு உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். எதிரே ரைடுகளின் பொறுப்பாளர், பெயர் ஜிஜோ, முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் லேப்டாப்போடு ஒரு பெண். ஜிஜோ மலையாளத்தில் கேட்டார், அவள் மலையாளத்தில் சொன்னாள்.

நோட்டில் இருந்த கேள்விகளில் பாதி அப்படியே வந்தன. தமிழ் பேசத் தெரிந்தது நல்லதாயிற்று, மதுரைக் கூட்டம் நிறைய வருகிறது என்றார் ஜிஜோ. எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்டார். ஃபேக்டரியில் பதினேழு வருடம் நின்றிருக்கிறேன் என்றாள். லேப்டாப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள்; இவளும் சிரித்தாள், அது தானாகவே வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பெல்ட் கழன்றால் என்ன செய்வாய் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

ஜிஜோ வேலையை விளக்கினார். ஆட்களை வரிசையாக விட வேண்டும், பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும், கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். "சேச்சிக்கு ஏதாவது சந்தேகம் உண்டா?"

இல்லை சாரே, நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் இன்பமேரி சொல்லிக்கொடுத்திருந்தாள். வேலை கிட்டத்தட்டக் கையில் இருந்தது. அது செல்வலட்சுமிக்கும் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே ஆகாய நாற்காலிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அடியில், கேட்டை ஒட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கம்பத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. கேட்டிலிருந்து கம்பத்துக்கு எத்தனை எட்டு என்று அவள் கண் தன்னால் எண்ணியது.

"அந்தச் சிவப்பு சுவிட்ச் எதுக்கு சாரே?"

"அவசரத்துக்கு. ஆனால் அதை ஆபரேட்டரும் சூப்பர்வைசரும்தான் தொடலாம். ஏதாவது என்றால் சேச்சி கையை உயர்த்தினால் போதும், ஆபரேட்டர் பார்ப்பார்."

"அவர் பாக்கலேன்னா?"

"பார்ப்பார்."

"பாக்கலேன்னா சாரே?"

ஜிஜோ பேனாவைக் கீழே வைத்தார். "சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. போன மாதம் ஒரு பையன் அவசரப்பட்டு அமுக்கிவிட்டான். இருபது பேர் முக்கால் மணி நேரம் மேலேயே தொங்கினார்கள். கீழே நின்றவர்கள் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவனை அனுப்பிவிட்டோம்."

செல்வலட்சுமிக்கு முற்றமும் வரிசையும் ஞாபகம் வந்தன. இடம் மாறியிருந்தது, பெயின்ட் மாறியிருந்தது, பேச்சு அதேதான். "நான் அமுக்கிருவேன் சாரே," என்றாள். "இப்பவே சொல்லிருதேன்."

பிறகு அவளுக்கு மலையாளம் வரவில்லை. தமிழிலேயே சொன்னாள். ஜிஜோவுக்குப் புரிந்தது, அந்தப் பக்கத்தில் தமிழ் புரியாதவர்கள் குறைவு.

"எங்க ஃபேக்டரில என் கூட நின்ன அக்காவுக்கு மெஷின்ல கை போயிருச்சு. சுவிட்சு எனக்கு நாலு எட்டுல இருந்துச்சு. நான் அமுக்கல. உத்தரவு கேக்க ஓடுனேன். விசாரணையில சுவிட்சுக்கிட்ட ஆளில்லன்னு எழுதுனாங்க. ஆளிருந்துச்சு சார். நான்தான் அந்த ஆளு." அவள் நிறுத்தவில்லை. "எனக்கு இந்த ஜோலி வேணும். ஆனா அந்தச் சுவிட்சுப் பக்கத்துல என்னைய நிக்கவச்சா, பிள்ளைக்கு ஆபத்துன்னா நான் யார்ட்டயும் கேக்க மாட்டேன். பெறகு அனுப்பிட்டீங்கன்னா போயிருதேன்."

லேப்டாப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள். ஜிஜோ கண்ணாடிக்கு வெளியே பார்த்தார், பிறகு அவளுடைய ஃபாரத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை; என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில், "விவரம் அறிவிக்கிறோம் சேச்சி," என்றார்.

லயத்துக்குத் திரும்பி வந்தபோது இன்பமேரி கேட்டாள். "நல்லா நடந்துச்சா?"

"சாஞ்சு உக்காந்தேங்க்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள் செல்வலட்சுமி. கிடைக்காத வேலைக்குக் காரணம் சொன்னால் அது தன்னைத் தியாகியாக்கிக் காட்டுவதுபோல் ஆகிவிடும் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் சுவரின் அந்தப் பக்கத்துக்கு அவள் போகவில்லை. குழம்புக் கிண்ணத்தை இன்பமேரியின் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அந்த லேப்டாப் பெண்தான் பேசினாள். செல்வலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள், "செரி மேடம், செரி," என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே இன்பமேரி வீட்டுக்குள் போனாள். கதவு நிலையில் அவள் நிற்கவில்லை.

இன்பமேரி அடுப்பங்கரையில் கப்பை நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகையில் கிழங்கை வைத்து வலது கையின் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, இடது கையால் வெட்டுவாள். பதினோரு வருடத்துப் பழக்கம்.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க," என்றாள் செல்வலட்சுமி.

"எந்த ரைடுல?"

"ரைடு இல்லக்கா. லாக்கர் ரூமு. வாரவங்க பையி, செருப்பெல்லாம் வாங்கி வைக்கணும், டோக்கன் குடுக்கணும். பேரு பதிஞ்சிருவாங்களாம். மெஷின் பக்கம் என்னைய விட வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்களாம்."

"ஏன் விட மாட்டாங்களாம்?"

செல்வலட்சுமி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிச் சுவர், மஞ்சள் கம்பம், தான் கேட்டது, ஜிஜோ சொன்னது, தமிழுக்கு மாறியது. நான்தான் அந்த ஆளு என்று சொன்ன இடத்துக்கு வந்தபோது குரல் உடைந்துவிட்டது. "உங்ககிட்டச் சொல்ல வேண்டியதுக்கா. பதினோரு வருசம் கழிச்சு எவன்கிட்டயோ போயிச் சொல்லிட்டு வந்து நிக்கேன்," என்று அழுதாள்.

இன்பமேரி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அந்த மெஷினு எனக்குள்ள ஓடிட்டேதான் கெடந்துச்சு லெச்சுமி," என்றாள். "ஃபேக்டரியப் பூட்டுன பெறகும் ஓடுச்சு. கண்ண மூடுனா உன் முதுகு ஓடும், மெஷினும் ஓடும். இப்பத்தான் நின்னுருக்கு. லேட்டாத்தான் அமுக்குன, ஆனா அமுக்கிட்ட."

வலது கையைப் பலகையிலிருந்து எடுத்து நீட்டினாள். கப்பைப் பால் பிசுபிசுத்த அந்தக் கையை, விரல் இல்லாத இடத்தோடு சேர்த்து, செல்வலட்சுமி தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.